காப்புக் கட்டிய வார்டு

ஏற்காட்டில் நாலு எஸ்டேட்காரர்கள் சேர்ந்து நடத்திய அந்த ஆஸ்பத்திரியில், கட்டிய நாள் முதலாக எந்த நோயாளியும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் ஆமாங்க. வலி போய்விட்டதா என்றால் அதற்கும் ஆமாங்க. மாத்திரை விழுங்கினாயா, ஆமாங்க. விழுங்காமல் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாயா, ஆமாங்க.

செம்மநத்தம் ஐயாக்கண்ணு ஒரு சீப்பு மலைப்பழத்தோடு தன் தம்பியைப் பார்க்க வந்தவர். தம்பி கக்கூசுக்குப் போயிருந்தான். காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்போது இருந்த நர்ஸ், “அஞ்சாம் நம்பர்தானே?” என்று கேட்டாள். ஆமாங்க. “படுங்க.” படுத்தார். தம்பி திரும்பி வந்து, தன் கட்டிலில் அண்ணன் படுத்திருப்பதைப் பார்த்து, பெரியவரை எழுப்புவது மரியாதையில்லை என்று ஊருக்கு நடந்துவிட்டான். மலைக்காற்றில் மூன்றே நாளில் அவனுக்குக் காய்ச்சல் விட்டது. ஐயாக்கண்ணு பதினொரு நாள் ஊசி போட்டுக்கொண்டு, கஞ்சியும் ரொட்டியும் தின்று, இரண்டு கிலோ கூடி வீட்டுக்குப் போனார். டிஸ்சார்ஜ் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். யாரும் போய்ப் பார்க்கலாம்.

இந்தக் கதையைச் சொல்லி ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரிப்பார்கள். ஸ்டாஃப் நர்ஸ் காமாட்சி மட்டும் சிரிக்கமாட்டாள். சிரிப்பதற்குக்கூட உட்கார வேண்டும், அதற்கு அவளுக்கு நேரமில்லை. வயது நாற்பத்தொன்று. பதினாறு வருஷம் முன்னால் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். பெண்கள் வார்டில் இருபத்திரண்டு கட்டில். பகலில் அவள் ஒருத்தி, கூட ஆயா ரபியா. கணுக்கால் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. செருப்பு மட்டும் ஒரே அளவு.

எண்பத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதத்துக் கோடைமழை. வார்டின் மேற்குப் பக்கத்து ஜன்னலில் இரண்டு கண்ணாடி உடைந்து வெகுநாள். சாரல் அடித்தால் அந்தப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் எழுந்து, எது காய்ந்திருக்கிறதோ அதில் போய்ப் படுப்பார்கள். ஊசி மருந்தெல்லாம் கட்டில் நம்பர்படி. நம்பர் கட்டிலில் ஆணியடித்திருந்தது, ஆள்தான் நகர்ந்துகொண்டிருந்தாள்.

அன்று காலை எட்டாம் நம்பர் மாதம்மாளுக்குச் சர்க்கரை வியாதிக்கான இன்சுலின். காமாட்சி ஊசியோடு போனாள். போர்வைக்குள் ஒரு கிழவி சுருண்டிருந்தாள்.

“மாதம்மாதானே?”

“ஆமாங்க.”

போட்டாயிற்று. பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டு மூன்று கட்டில் தள்ளிப் போனபோது, வெளித் தாழ்வாரத்திலிருந்து மாதம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

“ஏனுங்க சிஸ்டர், எனக்கு இன்னைக்கு ஊசி இல்லீங்களா?”

காமாட்சி திரும்பி ஓடினாள். எட்டாம் நம்பர் போர்வையை விலக்கினாள். ஏழாம் நம்பர் கண்ணாயி. மூச்சிழுப்புக்காகச் சேர்ந்தவள். அறுபது வயது. சர்க்கரை வியாதி என்று ஒன்று இருப்பதே தெரியாதவள். நல்ல உடம்பில் இன்சுலின் போனால், ரத்தத்தில் இருக்கும் கொஞ்ச நஞ்சச் சர்க்கரையும் வற்றி ஆள் நினைவிழந்து போவாள். கவனிக்காவிட்டால் திரும்பி வரமாட்டாள்.

“பாட்டி, உங்க பேர் கண்ணாயிதானே? மாதம்மான்னு கேட்டப்ப ஏன் ஆமான்னீங்க?”

“ஆமாங்க,” என்றாள் கண்ணாயி.

அதற்குப்பின் ஐந்து மணி நேரம் காமாட்சி அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கிழவி அவளையே தன் செத்துப்போன மாமியார் என்று நினைத்துத் திட்டத் தொடங்கியபோது நரம்பில் குளுகோஸ் ஏற்றினாள். மாமியார் செய்த கொடுமைகள் முழுவதையும் காமாட்சி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். மதியம் ஒரு மணிக்குக் கிழவி கண்ணைத் தெளிவாகத் திறந்து, “பசிக்குதுங்க சிஸ்டரு” என்றாள். காமாட்சி குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழவில்லை. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

பெரிய டாக்டர் எஸ்டேட் ரவுண்ட் முடிந்து இரண்டு மணிக்கு வந்தார். கெட்டவர் இல்லை. முப்பத்தெட்டு மைல் சுற்றளவுக்கு அவர் ஒருவர்தான்.

“பேரைக் கேட்டீங்களா சிஸ்டர்?”

“கேட்டேன் சார்.”

“ஆமான்னாங்களா?”

“ஆமான்னாங்க.”

“அப்புறம் என்ன? உங்க மேல தப்பில்ல. விடுங்க. ஆள் நல்லாத்தானே இருக்கு?”

தப்பு காமாட்சியின் மேல் இல்லை. கண்ணாயியின் மேல் எப்படிச் சொல்வது. மாதம்மாள் மேலும் இல்லை, மழை மேலும் இல்லை. ஒருவர் மேலும் தப்பில்லை என்று தீர்மானமானது. ஆகவே அது நாளைக்கே மறுபடி நடப்பதற்குத் தடை ஒன்றும் இல்லாமல் போயிற்று.

காமாட்சிக்கு அந்த மன்னிப்பு சுமையாக இருந்தது. திட்டியிருந்தாலாவது யாரோ அதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்று இருந்திருக்கும்.

நாலு நாள் கழித்துக் கரடியூரிலிருந்து சின்னத்தாயியைத் தூக்கி வந்தார்கள். இருபத்தாறு வயது, காலில் மூங்கில் சிராய் ஏறிச் சீழ் வைத்திருந்தது. எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்திருந்தாள். கையில் ஒரு பழைய சீட்டு. முன்னே மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஊசி போட்டதும் தொண்டை வீங்கி மூச்சடைத்து, பிழைத்தது பெரும்பாடு என்றும், இனிமேல் பென்சிலின் கூடவே கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. காமாட்சி அதைக் கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதினாள். கட்டிலின் கால்மாட்டில் மாட்டினாள். மாட்டிவிட்டு வார்டைச் சுற்றிப் பார்த்தாள். இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்குப் பென்சிலின். பக்கத்துக் கட்டில் அத்தாயிக்கு நிமோனியா. ஆறு மணிக்கொரு தரம் அதே ஊசி.

“உங்க பேர் சின்னத்தாயிதானே?”

“ஆமாங்க.”

“அருக்காணியா?”

“ஆமாங்க,” என்றாள் சின்னத்தாயி இன்னும் பணிவாக.

காமாட்சி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“ரபியா, இந்தப் பொண்ணு செத்துரும்.”

“அபசகுனமாப் பேசாதீங்க சிஸ்டர். நீங்கதான் பாத்துப் பாத்துப் போடுறீங்களே.”

“நான் பாத்துத்தான் கண்ணாயிக்குப் போட்டேன்.”

அன்று மத்தியானமே கத்தரியை எடுத்தாள். ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் பேரும் ஊரும் எழுதிய துணிப்பட்டி கட்டிவிட்டால், யார் எந்தக் கட்டிலில் உருண்டாலும் கையைப் பார்த்து ஊசி போடலாம். வெள்ளைத் துணி தட்டுப்பாடு. புண்ணுக்குக் கட்ட வந்த மஞ்சள் மருந்தில் நனைத்த துணி இரண்டு சுருள் இருந்தது. அதைக் கிழித்தாள். சலவைக்காரர் குறி போடும் மையால் எழுதினாள். இருபத்திரண்டு பட்டி. கட்டிக்கொண்டு வரும்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, இடது கையை நீட்டினார்கள். இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். காமாட்சி அதைக் கவனிக்கிற தெம்பில் இல்லை.

மறுநாள் காலை இருபத்திரண்டு முட்டையும் தொடாமல் திரும்பி வந்தது.

“என்னடி இது, கோழிக்குச் சீக்கா?”

“கோழிக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்,” என்றாள் ரபியா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. “நீங்க காப்புக் கட்டிட்டீங்களாம். கவிச்சி தொடமாட்டாங்களாம்.”

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இன்னும் சில நாளே இருந்தது. மஞ்சள் துணியை மணிக்கட்டில் கட்டினால் அதற்கு மலையில் ஒரே அர்த்தம்தான். கட்டிக்கொண்டவர் கவிச்சி தின்னக் கூடாது, பொய் பேசக் கூடாது, கட்டிவிட்டவர் தன் கையால் அவிழ்க்கிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது.

மூன்றாவது விதி மறுநாள் தெரிந்தது. மாதம்மாளுக்கு டிஸ்சார்ஜ். மகன் முனியப்பன் ஜீப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். மாதம்மாள் கேட் வரை போனாள். நின்றாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அம்மோவ், வா போலாம். ஜீப்புக்காரன் கத்தறான்.”

“காப்போட எப்படிடா வர்றது? நீ வேணா போ. சாமி காரியம் முடியட்டும்.”

“இது புண்ணுக்குக் கட்டற துணிம்மா!”

“உன் வாயில புண்ணு வர. பேசாம இரு.”

காமாட்சி கத்தரியை எடுத்தாள். வார்டு முழுக்க ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. கத்தரியைக் கீழே வைத்தாள். முடிச்சை நகத்தால் பிரித்தாள். அதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவிழ்த்த துணியைக் குப்பையில் போடப் போனாள். மறுபடியும் அந்த மூச்சு. கடைசியில் கேட்டுக்கு வெளியே இருந்த சில்வர் ஓக் மரத்தில் அதைக் கட்டிவிட்டு வந்தாள். ஒரு வாரத்தில் அந்த மரத்தில் ஒன்பது பட்டி சேர்ந்தது. ஏற்காடு பஸ் டிரைவர் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள, கண்டக்டர் விசில் கொடுக்க, பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கித் தேங்காய் உடைத்தார். மரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டவர்களுக்கு வாட்ச்மேன் யோசித்து, “ஆஸ்பத்திரியம்மன்” என்றான்.

காமாட்சிக்கு இதெல்லாம் கூடுதல் வேலை. வார்டின் நடுவில் நின்று, “இது சாமிக் காப்பு இல்ல, வெறும் பேர்த் துணி” என்று சொன்னாள்.

“ஆமாங்க,” என்றார்கள் எல்லோரும்.

முட்டை அன்றைக்கும் திரும்பி வந்தது.

பன்னிரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பதின்மூன்றாவது தடவை கேட்டது கண்ணாயி. “இதுக்கு என்னங்க நோம்பு? நாங்க இருக்கிறது சரிதானுங்களா?”

காமாட்சி அவளைப் பார்த்தாள். அடுத்த கட்டிலில் சின்னத்தாயி காலை நீட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது காமாட்சிக்கு வந்தது புத்தியா அலுப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

“இந்தக் காப்புக்கு முட்டை தின்னலாம்,” என்றாள். “தின்னுதான் ஆகணும். நோம்பு ஒண்ணே ஒண்ணுதான். டாக்டரோ, நானோ, ஆயாவோ, யாரா இருந்தாலும் சரி, உங்க பேரில்லாத பேரைச் சொல்லிக் கேட்டா ஆமான்னு சொல்லக் கூடாது. சொன்னா நோம்பு முறிஞ்சிரும்.”

பிறகு அத்தாயி முட்டையை எடுத்து ஓடு உரித்தாள்.

பொய் சொல்லக் கூடாது என்பதற்காக இருபத்திரண்டு பேரிடம் ஒரு பொய் சொல்லியாயிற்று. இது சரியா என்று யோசிக்க ஒரு நாள் லீவு வேண்டும் என்று காமாட்சிக்குத் தோன்றியது. லீவு இல்லை.

வைகாசி முதல் வாரம், ஒரு மத்தியானம். பிரசவ அறையில் கால் முன்னால் வரும் குழந்தை. காமாட்சி காலை பத்து மணியிலிருந்து அங்கேயே இருந்தாள். இரண்டு மணி ஊசிகளை யார் போடுவது என்று ரபியா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெரிய டாக்டர் அன்றைக்கு நல்ல மனதில் இருந்தார்.

“சிஸ்டர் அங்க இருக்கட்டும். நானே போட்டுர்றேன். இதென்ன பெரிய விஷயமா?”

குழந்தை பிறந்து அழுதபின், காமாட்சி கையெல்லாம் ரத்தத்தோடு கழுவ வெளியே வந்தாள். தாழ்வாரத்துக் குழாயடியிலிருந்து வார்டின் உள்ளே பார்க்கலாம். வெயில் ஒரே ஒரு கட்டிலில் விழுந்திருந்தது. அத்தாயியின் கட்டில். அத்தாயி அதில் இல்லை. வாசல் பக்கம் பல் குத்திக்கொண்டு நின்றாள். காய்ச்சலில் குளிரெடுத்த சின்னத்தாயி, நொண்டி நொண்டிப் போய் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் டாக்டர். கையில் நிறைத்த ஊசி.

காமாட்சி கத்த வாயைத் திறந்தாள். காலையிலிருந்து ‘முக்கு, முக்கு’ என்று கத்திய தொண்டை. காற்றுதான் வந்தது. ஓடினாள். கணுக்கால் ஓட மறுத்தது.

“அத்தாயிதானே?” என்றார் டாக்டர்.

“ஆ...” என்று சின்னத்தாயி பழக்கத்தில் தொடங்கிவிட்டாள். கையும் நீண்டுவிட்டது. நீண்ட கையில் மஞ்சள் துணி. அதைப் பார்த்தாள். முகம் வெளிறியது. உதடு இரண்டு முறை அசைந்தது.

“இல்லீங்க.”

வார்டில் இருமிக்கொண்டிருந்தவள் இருமலை நிறுத்தினாள்.

“என்ன இல்ல?”

“அத்தாயி இல்லீங்க. நான் சின்னத்தாயிங்க. கரடியூருங்க.”

“ஊசிக்குப் பயந்து பேரையே மாத்திக்கிறியா? கையை நீட்டு.”

“நீட்டறனுங்க. ஆனா அத்தாயி இல்லீங்க,” என்று சொல்லி, அழுதுகொண்டே மணிக்கட்டைத் திருப்பி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

டாக்டர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு படித்தார். பக்கத்துக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ஷீட்டைப் பார்த்தார். சிவப்பு எழுத்து. ஊசியை மெல்ல டிரேயில் வைத்தார். சின்னத்தாயியின் பக்கத்தில், அதே கட்டிலில், அவர் உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருஷத்தில் அவர் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து காமாட்சி பார்த்ததில்லை.

“இந்தப் பொண்ணு பேரை நான் கேட்டேன் சிஸ்டர்,” என்றார், வந்து நின்ற காமாட்சியிடம்.

“கேட்டீங்க சார்.”

“ஆமான்னு சொல்லியிருந்தா...”

“உங்க மேல தப்பில்ல சார்,” என்றாள் காமாட்சி. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே விளங்கியது.

அன்று சாயங்காலம் வார்டுக்குப் புதுத் தொல்லை பிறந்தது. ‘இல்லீங்க’ என்று சொன்னால் இடி விழாது என்று எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். குளிக்கிறாயா, இல்லீங்க. எனிமா கொடுக்கட்டுமா, இல்லவே இல்லீங்க. கஞ்சி நன்றாயிருக்கிறதா என்று சமையல்காரர் பெருமாள் வழக்கம்போலப் பெருமையாகக் கேட்க, இருபது வருஷத்துப் பதில் ஒரே மூச்சில் வந்தது. அவர் அடுப்படிக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

காமாட்சி மறுநாளைக்கான பட்டிகளைக் கிழித்துக்கொண்டு கண்ணாயியின் கட்டிலருகே உட்கார்ந்தாள். வேறெங்கும் உட்கார இடமில்லை.

“பாட்டி, ஒண்ணு சொல்லணும். இது நெசமான காப்பு இல்ல. உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன்.”

கண்ணாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏஞ்சாமி, மருந்து நாத்தம் மூணு ஊட்டுக்கு அடிக்குது. புண்ணுக்குக் கட்டற துணிக்கும் சாமி துணிக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியாதாக்கும்?”

“தெரிஞ்சா அப்புறம் ஏன்...?”

“எங்கப்பன் காலத்துல துரை வந்து கேப்பான். அப்புறம் பாரஸ்டு ரேஞ்சரு. அப்புறம் எஸ்டேட் ரைட்டரு. ‘நீதானே மரத்தை வெட்டுன?’ன்னு. இல்லீங்கன்னா எதுத்துப் பேசறியான்னு ஒரு அடி. ஆமாங்கன்னா அபராதத்தோட போயிரும். வெறுங்கையோட நின்னுக்கிட்டுப் பெரிய மனுசங்ககிட்ட இல்லீங்கன்னு சொன்னா அது திமிருங்க. கையில காப்பு இருந்தா அது நோம்பு. நாங்களா சொல்றோம்? காப்பு சொல்லுது. டாக்டரு காப்பை அடிப்பாராக்கும்?” மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்றாள். “அன்னைக்கு ‘மாதம்மாதானே’ன்னு நீ கேட்டப்பவே எனக்குத் தெரியுமே நான் மாதம்மா இல்லன்னு. உம் மூஞ்சியப் பாத்தேன். நொம்ப அசந்துபோயிருந்தே. இல்லீங்கன்னா உனக்கு மறுபடி ஒரு நடை. பாவம்னு ஆமான்னேன் சாமி.”

காமாட்சி துணியைக் கீழே வைத்தாள். கிழவியின் போர்வையை இழுத்துத் தோள் வரை மூடிவிட்டாள்.

மஞ்சள் துணி ஒரு சுருளின் பாதிதான் மிச்சம். ஸ்டோரில் துணி கேட்டு வாங்கும் படிவத்தை எடுத்து ‘இருபது மீட்டர்’ என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் வழக்கமாக ‘புண் கட்ட’ என்று எழுதுவாள். இந்தத் தடவை ‘நோயாளிகள் மறுத்துப் பேச’ என்று எழுதிப் பெரிய டாக்டரின் மேஜையில் வைத்தாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். இருபது என்பதை அடித்து நாற்பது என்று திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காமாட்சி அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது மீட்டரையும் கிழித்து, எழுதி, கட்டி, அவிழ்க்கப் போகிறவள் அவள்தான்.